மொட்டைத் தென்னையும் அயனிப் பொந்தும்

எங்கள் விளையின், அதாவது வீட்டை ஒட்டிய தோப்பின், மேற்கு எல்லையில், குளத்தங்கரைக்கு ஏறும் வழியில், 2017 நவம்பர் வரை ஓர் அயனி மரம் நின்றது. பாட்டா காலத்திலேயே முதிர்ந்திருந்த மரம். இரண்டாள் உயரத்துக்கும் சற்று மேலே, எப்போதோ கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி இறங்கி ஒரு பெரிய பொந்து உண்டாகியிருந்தது. அதிலிருந்து கிழக்கே நாற்பது அடி தள்ளி, இடி விழுந்து கொண்டை கருகிய ஒரு மொட்டைத் தென்னை இன்னும் நிற்கிறது. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன துளை இருக்கிறது. கைமுட்டி நுழையும் அளவு வாய். 2015ஆம் ஆண்டில், ஏறத்தாழ மூன்று மாத இடைவெளியில், இந்த இரண்டு ஓட்டைகளிலிருந்தும் இரண்டு வகைக் குஞ்சுகள் வெளியே வந்ததை நான் பார்த்தேன். தென்னையிலிருந்து வந்தவை குண்டுக்கரிச்சான் குஞ்சுகள். அயனியிலிருந்து வந்தவை சீழ்க்கைச் சிறகியின் குஞ்சுகள், எங்கள் வீட்டுப் பேச்சில் குளத்துத் தாராக் குஞ்சுகள். அன்று தொடங்கி இவ்விரு பறவைகளையும் ஒன்றை நினைக்காமல் மற்றொன்றை நினைக்க எனக்கு முடிவதில்லை.

ஒரு பாடும் பறவையையும் ஒரு வாத்தையும் ஒப்பிடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அளவில் தொடங்கினால் ஒப்பீடு உடனே முடிந்துவிடும். குண்டுக்கரிச்சான் அலகு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், நாற்பது கிராமை ஒட்டிய எடை. சீழ்க்கைச் சிறகி அதைப்போல் இரு மடங்கு நீளமும் அரைக் கிலோ எடையும் உடையது. ஒன்றின் காலில் கிளையைப் பற்ற மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னும் இருக்கின்றன. மற்றதன் காலில் தண்ணீரைத் தள்ளுவதற்குச் சவ்வு இருக்கிறது. ஒன்று மண்ணில் புழுவும் பூச்சியும் பொறுக்குகிறது, மற்றது குளத்தில் செடியும் விதையும் நத்தையும் தின்கிறது. ஆனால் இந்த வேற்றுமைகள் எல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுபவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மரத்தில் பொந்து வேண்டும் என்ற ஒரே தேவை உடைய இரு பறவைகள், அந்தப் பொந்துக்குள் இருக்கும் இருட்டான நாட்களை எதற்குச் செலவிடுகின்றன என்பதில்தான் அவற்றின் முழு வாழ்வும் பிரிகிறது என்று நான் நினைக்கிறேன். குரலும் அங்கேதான் பிரிகிறது.

குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி பிறந்து பனி விலகத் தொடங்கும்போது குண்டுக்கரிச்சான் ஆண் பாட ஆரம்பிக்கும். ஆடி வரைக்கும் ஓயாது. எங்கள் பகுதியில் விடியற்காலை நாலரை மணிக்கே, சுசீந்திரம் கோயில் பக்கமிருந்து வரும் முதல் பேருந்தின் ஓசைக்கும் முன்பே, மொட்டைத் தென்னையின் உச்சியில் கருப்பும் வெள்ளையுமாக அது வந்து உட்கார்ந்துவிடும். அம்மா அதை விடியக்காலக் குருவி என்றுதான் சொல்வாள். அதன் பாட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதல்ல. ஒரு வரியை ஐந்தாறு முறை சொல்லும், சிறிது நிறுத்தும், அடுத்த முறை அதன் கடைசியைத் திருப்பிப்போட்டுச் சொல்லும், நடுவில் அணிலின் கீச்சொலியையோ வேறொரு பறவையின் அழைப்பையோ எடுத்துச் செருகும். சீழ்க்கைச் சிறகிக்கு இருப்பது இரண்டு எழுத்து. அந்தி மயங்கும் நேரத்தில் குளத்திலிருந்து வயலுக்கு மேயப் போகும் கூட்டம் வீட்டுக்கு மேலே பறக்கும்போது, சீ–சிக், சீ–சிக் என்று மூச்சு வாங்குவது போன்ற சீழ்க்கை கேட்கும். ஆணும் பெண்ணும், சென்ற ஆண்டுப் பறவையும் இந்த ஆண்டுப் பறவையும் சொல்வது அந்த இரண்டு எழுத்தைத்தான். அதோடு, இறக்கையின் வெளி ஓரத்து இறகில் உள்ள ஒரு வெட்டு காற்றைக் கிழிப்பதால் எழும் மெல்லிய விசிலும் சேர்ந்து கேட்கும். இருட்டில் ஒன்றையொன்று தவறவிடாமல் பறக்க அது போதும்.

இதை வைத்து ஒன்றைக் கலைஞன் என்றும் மற்றதை ஊமை என்றும் சொல்வது எளிது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2015இல் கண்டவை அந்த எண்ணத்தை மாற்றின.

அந்த ஆண்டு சித்திரை முதல் வாரத்தில் குண்டுக்கரிச்சான் பெட்டை புல்லும் வேரும் தென்னந் தும்பும் சுமந்து துளைக்குள் போகத் தொடங்கியது. ஆண் கருமையாக மினுங்கும் இடத்தில் பெட்டை சாம்பல் நிறமாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. கூடு கட்டியது பெட்டைதான். அடைகாத்ததும் பெட்டை மட்டுமே. ஆண் எதிரே இருந்த முருங்கையில் உட்கார்ந்து பாடியது, வாலைத் தூக்கிக் காட்டி வேறு ஆண்களை விரட்டியது, அரணையையும் காகத்தையும் கண்டால் கரகரவென்று சீறியது. ஏணி வைத்து ஒரே ஒரு முறை, பெட்டை வெளியே போன நேரம் பார்த்து, கைப்பேசியின் வெளிச்சத்தில் உள்ளே நோக்கினேன். நீலம் கலந்த வெளிர்பச்சையில் பழுப்புத் தீற்றலுடன் நான்கு முட்டைகள். இரண்டு வாரத்துக்குள் அவை பொரிந்துவிட்டன என்பதைத் தாய் இரை சுமந்து போவதிலிருந்துதான் அறிந்தேன்.

பொரித்த குஞ்சு என்று சொல்கிறோமே தவிர, அந்த நிலையில் அது பறவை என்று சொல்லத் தக்க ஒன்று அல்ல. கண் மூடியிருக்கும், உடம்பில் இறகு இருக்காது, தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வாயைத் திறப்பது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். தாயும் தந்தையுமாக 23 முறை வெட்டுக்கிளியும் புழுவும் பல்லிக் குட்டியும் கொண்டுவந்தன. அடைகாக்காத தந்தை இரை கொடுப்பதில் பின்வாங்கவில்லை. பதினைந்தாம் நாள் குஞ்சுகள் வெளியே வந்தபோதும் அவற்றால் நேராகப் பறக்க முடியவில்லை. கிணற்றுச் சுவரிலும் விறகுக் குவியலிலும் விழுந்தெழுந்து, பெற்றோர் போகும் இடமெல்லாம் பின்னால் போய் வாய்திறந்து கெஞ்சின. வைகாசி முடியும்வரை அந்தக் கெஞ்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆடியில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு, முதல் போக நெல்லான கன்னிப்பூப் பயிர் வயலில் கதிர் விடும் தறுவாயில், அயனி மரத்துக்குச் சீழ்க்கைச் சிறகி இணை ஒன்று வந்தது. சவ்வுக்கால் பறவை மரக்கிளையில் நிற்பதை முதன்முறை பார்ப்பவருக்கு நம்ப முடியாது. நீண்ட கழுத்தும் நீண்ட காலும், கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையமும், வாலடியில் செந்தவிட்டு நிறமுமாக இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எது ஆண், எது பெண் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை என்று பின்னர் புரிந்தது. பொதுவாக வாத்துகளில் ஆண் பளபளப்பாக இருக்கும், பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் பிரிந்து போய்விடும். குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அந்த வகை. சீழ்க்கைச் சிறகியில் இரண்டும் ஒரே உடுப்பு, இரண்டும் முறைவைத்து அடைகாக்கும், இணை ஆண்டுக்கணக்கில் பிரியாது. மங்கிய வேளையில் ஒன்று பொந்துக்குள் நுழைய, உள்ளே இருந்தது வெளியேறிக் குளத்துக்குப் பறப்பதை நான் பல நாள் பார்த்தேன். பாடுகிற குருவியின் ஆண் முட்டையில் உட்காராது, பாடத் தெரியாத வாத்தின் ஆண் உட்காரும் என்பது என் பழைய எண்ணத்தில் விழுந்த முதல் விரிசல்.

அந்தப் பொந்துக்குள் கூடு என்று ஒன்றும் இல்லை. பல வாத்துகள் தம் மார்பு மயிரைப் பிடுங்கி முட்டைக்கு மெத்தை போடும். இந்த இனம் அதுவும் செய்வதில்லை. வெறும் மரத்தூள் மேல் தந்தநிற முட்டைகள் கிடக்கும். இந்த இனத்தில் ஏழு முதல் பன்னிரண்டு வரை இடுவது வழக்கம். மூன்று வாரத்துக்கு மேல் அடை. ஆவணி பிறந்து ஐந்தாறு நாள் கழித்து, விடியும் முன் பெய்த மழை நின்றிருந்த ஒரு காலையில், பெரிய பறவைகள் இரண்டும் மரத்தடியில் சருகின் மேல் நின்று, பறக்கும்போது போடும் சீழ்க்கை அல்லாத, தாழ்ந்த ஓர் ஒலியை விட்டு விட்டு எழுப்பிக்கொண்டிருந்தன. நான் பல் துலக்கியபடி நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். பொந்தின் வாயில் கரும்பழுப்பில் வெள்ளை வரியிட்ட ஒரு பஞ்சு உருண்டை தோன்றியது. அது கீழே பார்க்கவில்லை, தயங்கவில்லை, குதித்தது. சருகில் விழுந்து ஒரு முறை துள்ளி, எழுந்து, தாயின் காலடிக்கு ஓடியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒன்பது குஞ்சுகள். எல்லாம் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒரு பெரியது முன்னும் ஒரு பெரியது பின்னுமாக, ஒன்பதும் வரிசையாகக் கரையேறி, மடைப்பக்கம் இறங்கித் தண்ணீரில் நீந்தத் தொடங்கின. பிறந்து ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஆகியிருக்கும். தாய் குஞ்சை முதுகில் ஏற்றிச் செல்வதும் உண்டு என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நூல்களிலும் அப்படி இருக்கிறது. நான் கண்டது இந்தக் குதிப்பைத்தான்.

தென்னைத் துளைக்குள் பொரிந்த கண்திறவாத சதைத்துண்டுகளையும் ஆவணியில் பார்த்த இந்த ஒன்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒப்பீடு எனக்குப் பொருள்பட ஆரம்பித்தது. வேறுபாடு முட்டையிலேயே இருக்கிறது. கண்மூடிப் பிறக்கும் பறவைகளின் முட்டையில் மஞ்சள்கரு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வாத்து, கோழி போன்று பிறந்தவுடன் நடக்கும் பறவைகளின் முட்டையில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, ஐந்தில் இரண்டு பங்கு வரைக்கும் போகும். சமையலறையில் தாரா முட்டை உடைக்கும் எவரும் அந்தத் திரண்ட மஞ்சளைக் கண்டிருப்பார்கள். தாய் செய்ய வேண்டிய செலவை வாத்து முட்டை இடுவதற்கு முன்பே செய்துவிடுகிறது. கரிச்சான் குறைந்த முதலில் முட்டையிட்டுவிட்டு, மீதியை மணிக்கு 23 தடவை பறந்து பறந்து கட்டுகிறது. முட்டைக்குள்ளேயே கண்ணும் காலும் மயிரும் முடிந்து வரும் குஞ்சுக்கு மூளையும் பெருமளவு முடிந்தே வருகிறது. முடியாமல் வரும் குஞ்சுக்கோ மூளை வெளியே வந்த பிறகுதான் பெரும்பகுதி வளர்கிறது. தன்னைச் சுற்றி ஓசைகள் நிறைந்திருக்கும் காலத்தில் வளர்கிறது என்பதே அதில் முக்கியம்.

பாட்டு கற்கப்படுகிறது என்பது வெறும் ஊகம் அல்ல. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் என்ற ஆய்வாளர் சாஃபின்ச் என்னும் சிறு குருவியின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் குரல் கேட்காத அறையில் வளர்த்தார். அவை பாடின, ஆனால் அது அவற்றின் இனத்தின் பாட்டாக இல்லை, உருக்குலைந்த வெறும் ஒலித்தொடராக இருந்தது. இளம் குருவி முதலில் பெரியவற்றைக் கேட்டு நினைவில் வைக்கிறது, பிறகு மாதக்கணக்கில் தாழ்ந்த குரலில் குளறிக் குளறிப் பழகித் தன் ஒலியை அந்த நினைவோடு ஒத்துப்பார்த்துத் திருத்துகிறது. 1976இல் ஃபெர்னாண்டோ நாட்டபாமும் அவருடன் பணியாற்றியவர்களும் கேனரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கென்றே அமைந்த நரம்புத் திரள்களைக் காட்டினார்கள். எங்கள் முருங்கையில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இளங்கரிச்சான்கள் இலைமறைவில் உட்கார்ந்து முணுமுணுப்பதைக் கேட்டால், தொட்டிலில் கிடக்கும் குழந்தை தனக்குத் தானே பேசிப் பார்ப்பது நினைவுக்கு வரும்.

மறுபக்கத்துக்கும் சோதனை உண்டு. மசகாசு கோனிஷி 1963இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடன் செவித்திறன் நீக்கப்பட்ட கோழிக்குஞ்சுகளும் வளர்ந்தபின் வழக்கமான கோழிகளைப் போலவே கொக்கரித்தன, கூவின. கோழியும் வாத்தும் பறவைக் குலத்தின் ஒரே பழங்கிளையைச் சேர்ந்தவை. அவற்றின் குரல் பொதுவாகக் கேட்டு வருவதல்ல, உடன் பிறந்தது. ஆனால் வாத்து காதைப் பயன்படுத்தவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கில்பர்ட் காட்லிப் என்பவர் அமெரிக்காவில் பல்லாண்டுகள் வாத்து முட்டைகளோடு உழைத்தவர். வாத்துக்குஞ்சு தாயைக் காணாமல் பொரிப்பானில் பொரிந்தாலும் தன் இனத் தாயின் அழைப்பை மற்ற அழைப்புகளிலிருந்து பிரித்தறிகிறது என்றும், முட்டைக்குள்ளேயே அதன் குரலை அடக்கித் தன் ஓசையைத் தானே கேட்கவிடாமல் செய்தால் அந்த அறிவு தடுமாறுகிறது என்றும் அவர் கண்டார். அதாவது வாத்துக்குஞ்சு முட்டை உடையும் முன்பே, ஓட்டுக்குள் இருந்தபடி, தன்னையும் உடன்பிறப்புகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆவணிக் காலையில் அந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்ததற்கு, இருட்டில் முடிந்துவிட்ட இந்த ஆயத்தம்தான் காரணம் என்று நம்புகிறேன். கரிச்சானின் குஞ்சுக்கு அந்த வயதில் எந்த அழைப்பைக் கேட்டும் ஓர் அடி வைக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். கண்மூடிப் பிறக்கும் எல்லாப் பறவையும் பாட்டுக் கற்பதில்லை. எங்கள் ஓட்டு வீட்டு இறவாணத்தில் குஞ்சு பொரிக்கும் புறாவின் குஞ்சும் குருடாகத்தான் பிறக்கிறது, ஆனால் அதன் குமுறல் கற்றதல்ல. ஆகவே ஆதரவற்ற குழந்தைப்பருவம் பாட்டைக் கொடுத்துவிடுகிறது என்று கூற முடியாது. ஆனால் திருப்பிச் சொன்னால் சரியாக வரும். ஒலியைக் கேட்டுக் கற்கும் பறவைகள் என்று அறியப்பட்டவற்றில் பாடும் குருவிகளும் கிளிகளும் தேன்சிட்டளவே உள்ள அமெரிக்க ஓசனிச்சிட்டுகளும் முதன்மையானவை. இம்மூன்று கூட்டமும் கூட்டில் கண்மூடிக் கிடந்து வளர்பவையே. முழுமை பெறாமல் பிறந்ததால் கிடைத்த காலம் அவற்றுக்கு உதவியிருக்கிறது என்பதே என் துணிபு.

வாத்தின் இரண்டெழுத்தைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் செய்தி இன்னொன்று உண்டு. அண்டார்டிகாவின் வேகா தீவில் கிடைத்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, வாத்தின் உறவினம் எனக் கருதப்படும் வேகாவிஸ் என்ற பறவையின் புதைபடிவத்தில் குரல் உறுப்பு கல்லாகிக் கிடந்தது. 2016இல் அது வெளியிடப்பட்டது. பறவையின் குரல் உறுப்பாக நம் கைக்கு எட்டியவற்றுள் மிகப் பழையது அதுவே. டைனோசர்கள் நடமாடிய கரையில் எழுந்த ஒலிக்கு உறவான ஒலிதான் எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே அந்தியில் போகிறது. எந்தப் பாட்டு வாத்தியாரும் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த இரண்டு எழுத்து அது.

குரல் ஒரு பக்கம் இருக்க, இவ்விரண்டும் எதை இழந்தால் அழியும் என்பதிலும் வேறுபடுகின்றன. கரிச்சான் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து மாற்றும். ஒரு நாளும் பறக்க இயலாமல் போவதில்லை. வாத்து பறக்கும் இறகுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிட்டு, புதியவை முளைக்கும் சில வாரங்கள் தரையோடும் நீரோடும் கட்டுண்டு கிடக்கும். அந்த வாரங்களில் அதற்கு ஒளிய நாணலும் தாமரையும் அடர்ந்த நீர்ப்பரப்பு வேண்டும். தாமரை இலை மூடிய பகுதியில் பகலெல்லாம் அவை அசையாமல் கிடக்கும். தோவாளைச் சந்தைக்குப் பூப்பறிக்க இறங்குபவர்கள் அருகே வரும்போது நீந்தி விலகுமே தவிர எழும்பாது. விவரம் அறிந்தவர்கள் அந்த மூலையை விட்டுவிட்டுப் பறிப்பார்கள். ஆகாயத்தாமரை முற்றாக மூடிய குளத்தில் இந்த ஏற்பாடு நடக்காது, ஏனெனில் அங்கே நீந்தத் தண்ணீரும் தெரியாது, தின்ன ஒன்றும் முளைக்காது.

2022இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் ஊரில் பலருக்குப் பெருமையாக இருந்தது, எனக்கும்தான். முதலாவது 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சீழ்க்கைச் சிறகி குளத்தில் தூங்கும் பறவையே தவிர, குளத்தில் மட்டும் உண்ணும் பறவை அல்ல. இரவில் அது மேய்வது வயலில். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் நெல் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறிக்கொண்டே வருவதை நான் கண்ணெதிரே பார்த்து வந்திருக்கிறேன். கரைக்கு உள்ளே இருக்கும் நீரைக் காத்து, கரைக்கு வெளியே இருக்கும் வயலை விட்டுவிட்டால் வாத்துக்குப் படுக்கை மிஞ்சும், சோறு மிஞ்சாது. கரிச்சானுக்கு இந்தக் கவலை குறைவு. வயல் மனையானாலும் அது மனையின் மதில் ஓட்டையில் கூடு வைக்கும், தெருவிளக்கின் கீழ் பூச்சி பிடிக்கும்.

அதற்காகக் கரிச்சானுக்குத் தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. தென்கிழக்கு ஆசியாவின் பல இடங்களில் பாட்டுக்காகவே அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்றதில் காட்டில் அது அரிதாகிப் போனது. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதைத் தடைசெய்கிறது. எண்ணிக்கை குறைவது ஒரு தீங்கு. கற்றுப் பாடும் பறவைக்கு அதன்மேல் இன்னொரு தீங்கும் சேரும். ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேனுண்ணி என்ற பறவை மிகவும் குறைந்துபோனதால், இளம் ஆண்களுக்குக் கேட்டுக் கற்கத் தம் இனப் பெரியவர்கள் கிடைக்காமல், சில ஆண்கள் வேற்று இனப் பறவைகளின் பாட்டைப் பாடித் திரிவதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. பெட்டைகளுக்கு அந்தப் பாட்டு எதையும் சொல்லாது. நான் வாசித்த பறவைச் செய்திகளில் என்னை நீண்ட நாள் தூங்கவிடாத செய்தி அது. சீழ்க்கைச் சிறகிக்கு அப்படி நேர முடியாது. பொரிப்பானில் பிறந்த ஒற்றைக் குஞ்சும் வளர்ந்து சீ–சிக் என்றே சொல்லும். வாத்தின் குரலைப் பறிக்க அதன் கடைசி உயிர்வரை பறிக்கவேண்டும், கரிச்சானின் பாட்டைப் பறிக்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கடற்கரை ஊர்கள் தவித்த அந்த நாட்களில் மரங்களைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் எழவில்லை. இப்போதும் அதைச் சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் எங்கள் விளையில் ஏழு தென்னையும், மூட்டோடு சாய்ந்த ஒரு முருங்கையும், அந்த அயனியும் கிடந்தன. அயனி பொந்து இருந்த இடத்திலேயே முறிந்திருந்தது. உள்ளே உளுத்திருந்ததால் அங்கேதான் அதற்கு வலிமை இல்லை. மொட்டைத் தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுப் பிடிக்கக் கொண்டை இல்லாத மரத்தைப் புயல் என்ன செய்யும்?

மாவட்டம் முழுவதும் அன்று விழுந்த முதிய மரங்களில் எத்தனை பொந்துகள் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மரம் நட்டு ஐந்து ஆண்டில் நிழல் பெறலாம். வாத்து நுழையும் பொந்து பெற அறுபது ஆண்டாவது வேண்டும், அதுவும் கிளை ஒடிந்து நீர் இறங்கவேண்டும், இறங்கியும் யாரும் வெட்டாமல் விட்டிருக்கவேண்டும். தேங்காய் வெட்ட வரும் அண்ணாச்சி வருடந்தோறும் ஒரு முறையாவது, "அந்த மொட்டைய வெட்டிப் போட்டிரலாம்லா தம்பி, என்னைக்காவது ஓட்டு மேல சாஞ்சிரும்" என்பார். அவர் அக்கறையில் சொல்வது. அது சாய்ந்தால் எந்தப் பக்கம் விழும் என்று அளந்து பார்த்து, வைக்கோல் போரை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டோம். துளையின் வாய் மழையில் சற்று அகன்றிருக்கிறது. ஒக்கிக்குப் பிந்திய ஆண்டுகளிலும் கரிச்சான் அதில் குஞ்சு பொரித்திருக்கிறது. சீழ்க்கைச் சிறகி விளைக்குள் இறங்கவில்லை. கூட்டமாக அந்தியில் மேலே போகின்றன, முன்பு நாற்பது ஐம்பது என்று எண்ணிய இடத்தில் இப்போது பதினைந்து இருபது. அவை எங்கே பொந்து கண்டிருக்கின்றன என்று நான் தேடியும் அறியவில்லை.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பில் 2015 முதல் நானும் பங்கெடுத்து வருகிறேன். கரிச்சானை நான் கண்ணால் தேடுவதில்லை; காதால் கேட்டுக் குறித்துக்கொள்வேன். சிறகியைத் தொலைநோக்கியில் தலை எண்ணித்தான் குறிக்க முடியும், ஏனெனில் பகலில் அவை வாய் திறப்பதில்லை.

இந்த ஆண்டு பங்குனியில் மொட்டைத் தென்னைக்குப் புதிய ஆண் ஒன்று வந்திருக்கிறது. சென்ற ஆண்டுக் குஞ்சாகத்தான் இருக்கவேண்டும். இறக்கையின் விளிம்பில் இன்னும் பழுப்பு இருக்கிறது, பாட்டிலும் தடுமாற்றம் இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை, உச்சி வெயில் ஏறுவதற்குச் சற்று முன், அது பாடுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். மூன்று வரி வழக்கமான பாட்டு, நான்காவதாக அணில், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு சீ–சிக், சீ–சிக். சிறு தொண்டையிலிருந்து வந்ததால் மெலிந்து, சற்று வேகமாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் அதே இரண்டு எழுத்து. அந்தியில் தலைக்கு மேலே போகும் கூட்டத்திடமிருந்து கேட்டு எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு முறை சொல்லிவிட்டு அது தன் பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. முந்தானையில் கை துடைத்துக்கொண்டே அம்மா பின்வாசலுக்கு வந்தாள். "குளத்துத் தாரா வந்தாச்சா மக்களே?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அயனி நின்ற இடத்தைப் பார்த்தாள்.